வட ஆற்காட்டு ஏரிகளில் பனிக்காலப் பறவைகள்: பார்ப்பதற்கும் அரிய வரவுகளைப் பகிர்வதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றாமல் பெய்து, பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஏரிகள் நிரம்பிக் கோடி போகும் (மிகைநீர் வழியும்) ஆண்டுகளில், மார்கழி முதல் மாசி வரையிலான காலம் பறவை பார்ப்பவர்களுக்கு மிகச் செழிப்பானது. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயத்தின் சரிவுகளிலும் கூடு கட்டிய பறவைகள், அங்கே குளிர் இறுகி இரை அருகும்போது தெற்கே இறங்கி, நம் ஏரி, கழனி, மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லை, மலைச்சரிவு என எல்லா இடங்களிலும் தங்குகின்றன. இவற்றைக் காண வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. வேடந்தாங்கலின் பெருமை அங்கே கூடு கட்டும் நாரைகளாலும் கொக்குகளாலும் வந்தது. குளிரைக் கழிக்க வரும் வாத்துகளும், சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் இரை தேடும் கரையோரப் பறவைகளான உள்ளான்களும் நம் வீட்டிலிருந்து அரை மணிநேரப் பயணத்தில் உள்ள ஏரியிலேயே இருக்கக்கூடும். அங்கே போய் நின்று எண்ணுபவர்கள்தான் குறைவு.

இந்த வழிகாட்டி இரண்டு வேலைகளைப் பற்றியது. ஒன்று, பனிக்காலப் பறவைகளை ஒழுங்காகப் பார்ப்பது. மற்றொன்று, இப்பக்கத்தில் வழக்கமாகக் காணாத பறவை தென்பட்டால் அதைப் பிறர் நம்பும்படி பதிவு செய்து, பறவைக்குத் தீங்கு வராமல் பகிர்வது. இரண்டாவது வேலையைத்தான் பலர் அவசரத்தில் கெடுத்துவிடுகிறார்கள். பறவையின் பெயரும் மங்கலான ஒரு படமும் கைபேசி வழியே நூறு பேருக்குப் போய்விடுகின்றன. எந்த ஏரி, எந்த நாள், எத்தனை பறவைகள், உடன் வேறு என்னென்ன இருந்தன என்ற விவரம் மட்டும் எங்கும் தங்குவதில்லை. அரிய பறவை ஒன்றின் வரவுக்கு மதிப்பு வருவது அன்றைய முழுப் பட்டியலாலும், அந்த இடத்திலேயே எழுதிய குறிப்பாலும்தான் என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியே அமைந்தவை.

முதற்படி: காலமும் இடமும்

வலசைப் பறவைகள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. கருஞ்சாம்பல் வாலாட்டியும் சில உள்ளான்களும் ஆவணி, புரட்டாசியிலேயே வரத் தொடங்கிவிடும். ஐப்பசியில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமரும். பழுப்புக் கீச்சான் வேலிக்காத்தான் புதர்களின் உச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆறுமணிக்குருவி தெற்கே போகும் வழியில் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்கும். களைப்பினால் கண்ணாடிச் சன்னலில் மோதி விழும் ஆறுமணிக்குருவியை யாராவது கையில் ஏந்தி வந்து காட்டுவதும் இந்தக் காலத்தில்தான் நடக்கும். அப்படி விழுந்த பறவையைக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டிலும் அமைதியிலும் சற்று நேரம் விட்டு, தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வாத்துகள் ஏரி நிரம்பிய பிறகே பெரிய கூட்டங்களாகச் சேரும். தை மாதத்தில் எண்ணிக்கை உச்சத்தை எட்டும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது கரையோரப் பறவைகள் கூடும். அதே சமயம் கல்யாண முருங்கையும் இலவமும் பூக்க, சோளக்குருவிகள் கூட்டமாக வந்து தேன் குடிக்கும்.

எந்த ஏரிக்குப் போவது என்பதை அதன் பெயரைவிடத் தண்ணீரின் ஆழமே தீர்மானிக்கிறது. ஆழமான நடுநீரில் கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி ஆகியவை இருக்கும். முழங்கால் அளவு நீரில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், பவளக்கால் உள்ளான் ஆகியவை நடந்து மேயும். ஈரச் சேற்றில் கொசு உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் ஓடித் திரியும். ஆகவே கரை தொட்டு நிரம்பி நிற்கும் ஏரியில் உள்ளான்களைத் தேடுவது வீண். அந்த வாரத்தில் வாத்துகளைப் பார்த்துவிட்டு, உள்ளான்களுக்காக அரைகுறையாக வற்றிய சிற்றேரியையோ நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய கழனியையோ நாட வேண்டும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று, பல்லவர் காலத்தது. முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் உள்ள மகேந்திரவாடியிலும் அக்காலத்தைச் சேர்ந்த ஏரி உண்டு. குடியாத்தம் பக்கத்தில் மோர்தானா அணை இருக்கிறது. நகரை விட்டு நகர முடியாதவர்களுக்கு வேலூர்க் கோட்டையின் அகழியும் ஓட்டேரியும் போதுமான பயிற்சிக் களங்கள். காட்டுப் பறவைகளுக்கு அமிர்தி, சவ்வாது மலை, ஏலகிரி ஆகியவற்றை நாடலாம். நீலமேனி ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், செந்தலைப் பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி போன்றவற்றை எதிர்பார்க்க வேண்டிய இடம் அதுதான். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடந்தாலும், அங்கங்கே தேங்கிய நீரில் வாலாட்டிகளும் உப்புக்கொத்திகளும் இருக்கும்.

வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது; அவையே பின்னர் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் என அறியப்பட்டன. வேலூர் மாவட்டம் மீண்டும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. காவேரிப்பாக்கம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பழைய பதிவுகளைத் தேடும்போது இதை மறந்துவிட்டால், முன்பே பலமுறை பதிவான பறவையை முதன்முறை வந்ததாக அறிவிக்கும் நிலை ஏற்படும்.

இரண்டாம் படி: கருவிகள்

8×42 அளவுள்ள பைனாகுலர் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் சொல்கின்றன. பத்து மடங்கு வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கை நடுங்கினால் அந்தக் கூடுதல் மடங்கு பயன்படாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பரந்த ஏரியில் முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி மிகவும் உதவும். நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இவற்றோடு சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு, பென்சில், மங்கிய நிற உடை, குடிநீர் ஆகியவை போதும்.

மூன்றாம் படி: நிற்பதும் எண்ணுவதும்

தை மாதத்தில் இங்கே சூரியன் ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னரே எழும். மூடுபனி உள்ள நாட்களில் ஏழு மணி வரை நீரின் மேல் ஒன்றும் தெரியாது. வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்பது மிக முக்கியம். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்தாகத்தான் தெரியும். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பல ஏரிகளின் கரை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கிறது. காலையில் அந்தக் கரைமேல் மதகருகே நின்றால் வெளிச்சம் நமக்குச் சாதகமாக இருக்கும். மாலையில் எதிர்ப்புறம் போக வேண்டும். கரையின் உச்சியில் நிமிர்ந்து நடந்தால் வானத்தின் பின்னணியில் நம் உருவம் பறவைகளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பதால், பனைமரத்தின் அருகிலோ புதரின் அருகிலோ ஒதுங்கி அமர்வது நல்லது.

முதல் பத்து நிமிடம் எதையும் தேடாமல் ஏரியை இடமிருந்து வலமாக ஒருமுறை மெதுவாகப் பார்த்து வர வேண்டும். பிறகு எண்ணத் தொடங்கலாம். பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்பதைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவை கூட்டத்தின் மீது நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ‘நிறைய இருந்தன’ என்று எழுதுவதைவிட ‘ஏறத்தாழ 400’ என்று எழுதுவது பல மடங்கு பயனுள்ளது.

நாமக்கோழி, கொக்கு, மடையான், கரிச்சான் எல்லாவற்றையும் எழுத வேண்டும். வழக்கமான பறவைகளை விட்டுவிட்டு விசேஷமானவற்றை மட்டும் எழுதும் பழக்கத்தால் ஒரு பெரிய இழப்பு நேர்கிறது: பத்து ஆண்டுகள் கழித்து நாமக்கோழிகள் குறைந்தனவா என்று ஒருவர் கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது.

அறுவடை முடிந்த கழனிகளில் வாத்து மேய்ப்பவர்கள் பெரும் மந்தைகளை ஓட்டி வருவார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்த மந்தை வலசை வாத்துக் கூட்டம் போலவே தோன்றும். பறக்காமல் ஒரே திசையில் நடப்பதும், நிமிர்ந்த உடலும், பறவைக்குப் பறவை மாறுபடும் நிறமும் அவை வளர்ப்பு வாத்துகள் என்பதைக் காட்டிவிடும்.

நான்காம் படி: குழப்பும் பறவைகளை வேறுபடுத்துதல்

அரிய பறவையாக அறிவிக்கப்படுபவற்றுள் பல, வழக்கமான பறவையின் பெட்டையாகவோ இளம்பறவையாகவோ இருக்கின்றன. ஆகவே வழக்கமானவற்றின் எல்லா உருவங்களையும் முதலில் அறிந்திருக்க வேண்டும். நிறத்தை நம்பித் தொடங்குவது பயன் தராது. அளவு, அலகின் வடிவம், கால், பறக்கும்போது சிறகிலும் வாலிலும் தெரியும் குறிகள், நடத்தை என்ற வரிசையில் போனால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

உள்ளான்களை எடுத்துக்கொள்வோம். பச்சைக்காலியும் சதுப்பு உள்ளானும் சாம்பலும் வெள்ளையுமாக ஒரே சாயலில் இருக்கும். பச்சைக்காலி பெரியது; அலகு அடியில் தடித்து நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்பு உள்ளானின் அலகு நேராக, ஊசி போல் மெல்லியதாக இருக்கும்; உடலுக்குப் பொருந்தாத அளவு கால்கள் நீளமாகத் தெரியும். பொறி உள்ளானுக்கு வெளிர் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும்; முதுகில் வெளிர் புள்ளிகள் நன்றாகத் தெரியும்; பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். அதன் நெருங்கிய உறவான முதுகு கறுத்த இனத்துக்கு வெளிர்க்கோடு கண்ணுக்கு முன்னால் மட்டும் இருக்கும். சிறகின் அடிப்பக்கம் கறுத்திருப்பதால், எழும்பிப் பறக்கும்போது கறுப்பு உடலில் பின்முதுகு மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சாதா உள்ளானை அடையாளம் காண நிறமே தேவையில்லை. தோளுக்கு முன்னே ஏறும் வெள்ளை ஆப்பும், ஓயாமல் பின்னுடலை ஆட்டும் பழக்கமும், நீரை ஒட்டி விறைத்த சிறகுகளை அடித்துப் பறப்பதும் போதும்.

வாத்துகளில் ஆண்களை அறிவது எளிது. நீலச்சிறகி ஆணின் வெள்ளைப் புருவமும் ஊசிவால் வாத்தின் நீண்ட கழுத்தும் தொலைவிலிருந்தே தெரியும். பெட்டைகள்தான் சோதிக்கும். நீலச்சிறகியின் பெட்டைக்கு முகத்தில் கோடுகள் அழுத்தமாக இருக்கும்; கிளுவையின் பெட்டைக்கு முகம் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்து, வாலின் பக்கவாட்டில் ஒரு வெளிர்க்கீற்று தெரியும். தட்டைவாய் வாத்தின் அகன்ற அலகை மறைக்க முடியாது. அது தூங்கும்போது அலகை முதுகில் செருகியிருந்தால் விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மல்லாட்டைக் கொல்லைகளின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் இன்னும் கடினமானவை. சேற்றுப் பூனைப்பருந்தை அதன் கருமையான உடலாலும் நாணல் மேல் வட்டமிடும் பழக்கத்தாலும் பிரிக்கலாம். மற்ற இரு இனங்களின் பழுப்புநிறப் பெட்டைகளையும் இளம்பறவைகளையும் ஓடும் வண்டியிலிருந்து பார்த்துப் பெயர் சொல்வது நடக்காத காரியம். அப்போது ‘பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. பதிவுச் செயலிகளில் இதற்கென்றே தனி வகைகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதில் குறைவொன்றும் இல்லை.

ஐந்தாம் படி: அரிய பறவை தென்பட்டால்

முதலில் அங்கேயே நிற்க வேண்டும். நெருங்கிப் போய்ப் படம் எடுக்கும் முன், நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பறவை பறந்துவிட்டால் அந்தச் சிறு உருவமாவது சான்றாக இருக்கும். பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும், சிறகு விரிக்கும்போதும், அருகே வேறொரு தெரிந்த பறவை நிற்கும்போதும் எடுத்த படங்கள் அடையாளத்துக்கு மிகவும் உதவும். மங்கலான படங்களை அழிக்க வேண்டாம். படத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தவே கூடாது. அவை இல்லாத இறகுக் கோடுகளைத் தாமே வரைந்துவிடும், பிறகு அந்தப் படம் எதற்கும் சான்றாகாது. குரல் கேட்டால் கைபேசியில் பதிவு செய்யலாம். குரலைக் கேட்டுப் பறவையை ஊகிக்கும் மெர்லின் போன்ற செயலி ஒரு பெயரைச் சொன்னால் அதைத் தேடிப் பார்ப்பதற்கான துப்பாக மட்டும் கொள்ள வேண்டும்.

அதன்பின், எந்த நூலையும் திறக்கும் முன் கண்டதை எழுத வேண்டும். இந்த வரிசை மிக முக்கியம். நூலைப் பார்த்துவிட்டு எழுதினால், கண் கண்டதும் நூல் சொன்னதும் கலந்துவிடும். பட்டைத்தலை வாத்து ஒன்று நம் ஏரியில் இறங்கியதாக வைத்துக்கொண்டால் குறிப்பு இப்படி அமையலாம்:

‘காலை 7.20. மதகிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர், வெயில் முதுகுப்பக்கம், பனி இல்லை. நீரோரப் புல்லில் இரண்டு பெரிய வாத்துகள். பத்தடி தள்ளி நின்ற புள்ளிமூக்கு வாத்தைவிடத் தெளிவாகப் பெரியவை. உடல் வெளிர் சாம்பல். தலை வெள்ளை, பின்தலையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள். கழுத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக்கோடு. அலகும் காலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். நடந்து புல் மேய்ந்தன. 7.45-க்கு ஆடுகள் வரவே எழும்பிப் பறந்து ஏரியின் நடுவே இறங்கின. நன்றாகப் பறந்ததாலும், மனிதரைக் கண்டு விலகியதாலும், தலைப்பட்டைகள் இருந்ததாலும் ஊரில் வளர்க்கும் பெருவாத்து அல்ல.’

கடைசி வரியைக் கவனியுங்கள். இது வேறு எதுவாக இருக்க முடியும், ஏன் அது இல்லை என்று எழுதிய குறிப்பே பிறரை நம்பவைக்கும். மேற்கண்ட குறிப்போடு படம் இல்லாவிட்டாலும், அனுபவமுள்ள ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள முடியும்.

காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ இருந்தால் அதன் நிறம், எழுத்து, எண், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா என்பவற்றையும் எழுத வேண்டும். இந்தியாவில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவித்தால், பறவைக்கு எங்கே வளையமிடப்பட்டது என்பதைக் கண்டறிய வழி உண்டு.

ஆறாம் படி: பதிவிடுவதும் பகிர்வதும்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளமே இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் கைபேசிச் செயலி இலவசமானது, இணைய இணைப்பு இல்லாத ஏரிக்கரையிலும் பட்டியலைத் தொடங்கலாம். தொடங்கிய நேரம், கழித்த நிமிடங்கள், நடந்த தூரம், உடன் வந்தவர்கள் ஆகியவற்றோடு, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்ற கேள்விக்கும் விடை தர வேண்டும். அந்த விடை ‘ஆம்’ என்று இருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் கொள்ள முடியும். பட்டியலைச் சரியான ஏரியின் பெயரிலேயே இட வேண்டும். ஒரு நாளில் மூன்று ஏரிகளுக்குப் போனால் மூன்று பட்டியல்கள் தேவை.

அந்த மாவட்டத்துக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ இட்டால் செயலி விளக்கம் கேட்கும். அங்கே உங்கள் களக்குறிப்பை அப்படியே எழுதி, படத்தையும் இணைக்க வேண்டும். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்பது விளக்கம் ஆகாது. தன்னார்வலர்களான மதிப்பாய்வாளர்கள் பிறகு அதைப் பார்த்து, தேவையானால் மின்னஞ்சலில் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கொண்டு சண்டையிடுபவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. நாளை அந்தப் பதிவை நம்பி ஒருவர் ஆய்வு செய்யப்போகிறார், அவருக்காகத்தான் அந்தக் கேள்வி. பதிவு உறுதிசெய்யப்படாவிட்டாலும் அது உங்கள் பட்டியலில் இருக்கும். பொதுத் தரவில் மட்டும் காட்டப்படாது.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, புதியவர்கள் தொடங்க நல்ல வாய்ப்பு. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து ஒரு பட்டியல் இட்டால் போதும். மாட்டுப் பொங்கலன்று சொந்த ஊருக்குப் போனவர் தம் கொல்லைப்புறத்திலிருந்தே பங்கேற்கலாம். நம் மாவட்டங்களின் பல சிற்றேரிகளுக்கு ஒரு பட்டியல்கூட இல்லாத நிலையில், இந்த நான்கு நாட்களில் ஊர் திரும்பியவர்கள் இடும் பட்டியல்கள் விலைமதிப்பற்றவை.

செய்தியாளர்களிடம் ‘வட ஆற்காட்டில் முதன்முறை’ என்று சொல்வதற்கு முன், முன்பு வந்த பதிவுகளைப் பழைய, புதிய மாவட்டப் பெயர்கள் எல்லாவற்றிலும் தேடி, மூத்த பார்வையாளர் ஒருவரிடமாவது காட்டிவிட வேண்டும். அடையாளம் தவறென்று பின்னர் தெரிந்தால், எங்கெல்லாம் அனுப்பினோமோ அங்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும்.

ஏழாம் படி: எதைச் சொல்லாமல் இருப்பது

பொது ஏரியில் கரையிலிருந்து பார்க்கக்கூடிய வலசை வாத்தின் இடத்தைச் சொல்வதால் பெரும்பாலும் கேடில்லை; நூறு பேர் பார்த்தால் அந்த ஏரிக்கு நூறு காவலர்கள் கிடைப்பார்கள். ஆனால் கூடுகளும் ஆந்தைகளும் வேறு. பாறைக் குன்றுகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடுவது இதே பனிக்காலத்தில்தான். மூடநம்பிக்கைக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்பவர்கள் இன்றும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் உலக அளவிலேயே அருகிவரும் பறவை. இவற்றின் துல்லியமான இடத்தைக் குழுக்களில் போடக் கூடாது. படக்கோப்பில் இடக்குறி பதிந்திருந்தால் அதையும் நீக்கிவிட்டு, ஊர்ப்பெயர் இல்லாமல் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பது, கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பது, ட்ரோன் விடுவது ஆகியவை எந்தப் பறவைக்கும் ஆகாதவை. கண்ணிகளையோ வலைகளையோ கண்டால் தனியாகத் தகராறு செய்யாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப் பறவை பிடிப்பது குற்றம்.

எட்டாம் படி: மறுபடியும் போவது

அரிய பறவையைக் கண்ட செய்தி பரவியதும் முதல் வாரத்தில் பலர் போய்ப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரும் போகமாட்டார்கள். அதனால் அது எப்போது கிளம்பியது என்பது பெரும்பாலும் தெரியாமலே போகிறது. கண்டவரே வாரம் ஒருமுறையாவது அதே ஏரிக்கு, ஏறக்குறைய அதே நேரத்தில் போய் முழுப் பட்டியல் இட வேண்டும். பறவை இல்லாத நாளின் பட்டியலையும் இட்டால், கடைசியாகக் கண்ட தேதியும் முதன்முதலில் காணாமற்போன தேதியும் கிடைத்துவிடும். அதோடு அந்த வாரங்களில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, கோடி நின்றுவிட்டதா, மீன்குத்தகைக்காரர் வலை வீசத் தொடங்கினாரா, கரையோரம் எரிக்கப்பட்டதா என்பவற்றை ஒவ்வொரு பட்டியலின் குறிப்பிலும் இரண்டு வரிகளில் எழுதிவைத்தால், அடுத்த ஐப்பசியில் எந்த ஏரியை முதலில் போய்ப் பார்ப்பது என்பதை அந்தக் குறிப்புகளைப் புரட்டியே முடிவு செய்யலாம்.